ஒரே வார்னிங், நாலு லட்சம் தடவை!



ப்ராஜெக்ட் செய்கிற எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். டெர்மினலைத் திறந்தால் ஒரே வார்னிங் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாம தேடுகிற வரி அதுக்கு நடுவில் எங்கேயோ மாட்டியிருக்கும். கடுப்பாகி அந்த வார்னிங் வரியையே கமென்ட் பண்ணிவிடுவோம். நாங்களும் அதைத்தான் செய்தோம். அதனால் ஒரு அண்ணாவுக்குக் கெட்ட பேர் வந்தது. அது எப்படி, திரும்பத் திரும்ப வரும் வார்னிங்கை எப்படிச் சரியாகக் குறைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிட்டிங் ஷெட்டில் நடந்தது

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், திருப்பூரில் ஒரு சின்ன நிட்டிங் யூனிட்டில். நூல் அறுந்தாலோ ஊசி உடைந்தாலோ மிஷினில் உள்ள சென்சார் மிஷினை நிறுத்திவிடும். எதற்காக நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் குறித்து வைத்து, ஷிஃப்ட் முடிவில் ரிப்போர்ட் கொடுப்பது எங்கள் போர்டின் வேலை.

போர்டு ஒவ்வொரு சென்சார் ஒயரையும் விநாடிக்கு 10 தடவை படிக்கும். ஒயரில் கோளாறு என்றால் "சென்சார் இணைப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதும். ஒரு நாள் நூல் சென்சார் ஒயர் லூஸ் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்க. விநாடிக்கு 10 வரி என்றால் மணிக்கு 36,000. 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 4,32,000 வரி! லாக் ஃபைலைத் திறக்கவே முடியவில்லை. ஒயரை இறுக்கிவிட்டு, "இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று அந்த பிரின்ட் வரியையும் கமென்ட் பண்ணிவிட்டோம். லாக் சுத்தமாகிவிட்டது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

நாங்கள் யோசிக்காத விஷயம், அந்த ஒரு வரி எல்லா சென்சாருக்கும் பொதுவானது. ரெண்டு நாள் கழித்து நைட் ஷிஃப்ட்டில் ஊசி சென்சாரிலிருந்து எங்கள் போர்டுக்கு வரும் ஒயர் கழன்றுவிட்டது. மிஷின் தன் சென்சாரை வைத்துச் சரியாகத்தான் நின்றது. எங்கள் போர்டுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. காலையில் ரிப்போர்ட்டில் மிஷின் நின்ற நேரம் 55 நிமிடம், காரணம் என்ற இடம் காலி. ஓனர் நேராக ஆபரேட்டர் அண்ணாவைக் கூப்பிட்டு, ராத்திரி தூங்கிட்டியான்னு கேட்டுவிட்டார்.

அந்த அண்ணா அந்த 55 நிமிடமும் உடைந்த ஊசிகளை மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, உங்க பொட்டி நான் தூங்குனேன்னு சொல்லுதுங்களா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

டீபக்கர் இதை எப்படிச் சமாளிக்கிறது?

அதுக்கப்புறம்தான், பெரிய டூல்கள் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாளுகின்றன என்று தேடிப் படித்தோம். முதலில் நாம லேபில் பயன்படுத்தும் ஜி.டி.பி டீபக்கர். ப்ரோக்ராமை லோடு செய்யும்போது, கம்பைலர் எழுதிவைத்த சிம்பல் விவரங்களை அது படிக்கும். அதில் ஏதாவது விசித்திரமாக இருந்தால் அதை 'கம்ப்ளெயின்ட்' என்று சொல்லும். ஒரு பெரிய ப்ரோக்ராமில் ஒரே மாதிரி கம்ப்ளெயின்ட் ஆயிரக்கணக்கில் வரலாம். பெரும்பாலும் இது கம்பைலரை டீபக் செய்பவர்களுக்குத்தான் தேவைப்படும். அதனால் ஜி.டி.பி சும்மா இருக்கும்போது இதைக் காட்டவே காட்டாது. வேண்டுமென்றால் 'செட் கம்ப்ளெயின்ட்ஸ்' என்று டைப் செய்து பக்கத்தில் ஒரு எண் கொடுக்கலாம். 5 என்று கொடுத்தால் ஒவ்வொரு வகை கம்ப்ளெயின்ட்டும் 5 தடவை வரும், பிறகு அந்த வகை மட்டும் அமைதியாகிவிடும். 0 என்றால் எதுவும் வராது. 'ஷோ கம்ப்ளெயின்ட்ஸ்' என்று கேட்டால் இப்போதைய லிமிட்டைச் சொல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது, லிமிட் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி. ஒரு வகை ஆயிரம் தடவை கத்தினாலும், இன்னொரு வகையின் முதல் வார்னிங் தப்பாமல் வரும். எங்கள் கோடில் இல்லாதது இதுதான்.

அடுத்து வால்கிரைண்ட். மெமரி தப்புகளைக் கண்டுபிடிக்கும் டூல் இது. ஒரே இடத்தில் ஒரே தப்பு லட்சம் தடவை நடந்தாலும் முழு விவரத்தை ஒரு தடவைதான் காட்டும். மீதியை எண்ணிக்கையாக வைத்துக்கொண்டு, கடைசியில் மொத்தம் எத்தனை தப்பு, எத்தனை இடங்களில் என்று சொல்லும். 1,000 வெவ்வேறு தப்புகளோ, மொத்தம் 1 கோடி தப்புகளோ தாண்டிவிட்டால் "இனிமேல் சொல்ல மாட்டேன், முதல்ல ப்ரோக்ராமைச் சரி பண்ணு" என்கிற அர்த்தத்தில் ஒரு மெசேஜ் போட்டு நிறுத்திக்கொள்ளும். நிறுத்தும்போதும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறது!

லினக்ஸ் கெர்னலில் இன்னொரு வழி உண்டு. ஒரே மெசேஜ் வேகமாக வந்துகொண்டே இருந்தால், வழக்கமான செட்டிங்கில் 5 விநாடிக்கு 10 தடவை மட்டும் விடும். மற்றதை அடக்கிவிட்டு, பிறகு "இத்தனை அடக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதும்.

துணி செக்கிங்கிலும் இதே கதைதான்

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. துணி ரோலைச் செக் செய்யும் 4 பாயின்ட் முறையைப் பார்த்திருப்பீர்கள். குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1 பாயின்ட், 6 வரை 2, 9 வரை 3, அதுக்கு மேல் 4. ஆனால் ஒரு கஜ நீளத்தில் எத்தனை குறை இருந்தாலும் 4 பாயின்ட்டுக்கு மேல் போடக் கூடாது. ஒரே கெட்ட இடம் மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு லிமிட். அதே சமயம், ஒரு ஊசி கெட்டுப்போய் நீளமாகக் கோடு ஓடினால், ஓடும் ஒவ்வொரு கஜத்துக்கும் 4 பாயின்ட் ஏறிக்கொண்டே இருக்கும். லிமிட் இருக்கிறது, ஆனால் குறை மறையவில்லை.

தெரியாமல் வாயை அடைத்தால் என்ன ஆகும்?

இதுக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன் எஸ்.எஸ்.எல் என்ற என்க்ரிப்ஷன் மென்பொருளை வால்கிரைண்ட் போன்ற டூலில் ஓட்டினால், மதிப்பு வைக்கப்படாத மெமரியைப் பயன்படுத்துவதாக வார்னிங் வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த, ஒரே மாதிரி இருந்த ரெண்டு வரிகளைக் கமென்ட் பண்ணினார்கள். அதில் ஒன்று போனதால் பெரிய பாதிப்பு இல்லை. இன்னொன்றுதான் ரேண்டம் எண் உருவாக்கத் தேவையான கணிக்க முடியாத தகவலை உள்ளே கலக்கும் வரி!

வார்னிங் நின்றுவிட்டது. ஆனால் அதுக்கப்புறம் ரேண்டம் எண்ணுக்கு ஆதாரமாக மிச்சம் இருந்தது ப்ராசஸ் எண் மட்டும்தான். அது அதிகபட்சம் 32,768 மதிப்புகள். அதாவது, யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவிகளை ஒரு லேப்டாப்பில் உட்கார்ந்தே வரிசையாக முயற்சி செய்துவிடலாம். இதை லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தார். 2008 மே 13 அன்றுதான் அறிவிப்பு வந்தது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவாக்கிய எஸ்.எஸ்.எச் சாவிகளை எல்லாம் தூக்கிப்போட்டு, புதுசாக உருவாக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் செய்ததும் நாங்கள் செய்ததும் ஒரே தப்புதான். சத்தத்தை நிறுத்தினோம். சத்தத்தோடு சேர்த்து எது போகிறது என்று பார்க்கவில்லை.

நாங்கள் எப்படி மாற்றினோம்

1. ஒவ்வொரு சென்சாருக்கும் பழைய நிலையை ஒரு வேரியபிளில் வைத்தோம். நிலை மாறும்போது மட்டும் ஒரு வரி. ஒயர் கழன்றால் ஒன்று, திரும்பச் சேர்ந்தால் ஒன்று.

2. கழன்ற நிலையிலேயே இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒரு வரி. அதில் "இதுவரை இத்தனை தடவை" என்று எண்ணிக்கையும் வரும். 4,32,000 வரிகள் இப்போது ஷிஃப்ட்டுக்கு எழுபத்துச் சொச்சம்தான்.

3. லிமிட் சென்சார் வாரியாகத் தனித்தனி. நூல் சென்சார் கத்தினாலும் ஊசி சென்சாரின் முதல் வார்னிங் கண்டிப்பாக வரும்.

4. ஏதாவது ஒரு வார்னிங்கை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், எதற்காக, யார், என்றைக்கு நிறுத்தினோம் என்று கோடிலேயே கமென்ட் எழுதுகிறோம்.

5. ரிப்போர்ட்டில் காரணம் தெரியாவிட்டால் காலியாக விடுவதில்லை. "சென்சார் இணைப்பு இல்லை, காரணம் பதிவாகவில்லை" என்று வரும்.

அஞ்சாவது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் அந்த அண்ணா திட்டு வாங்கியிருக்க மாட்டார். ஓனரிடம் போய் தப்பு எங்கள் போர்டில்தான் என்று சொல்லி, புது ரிப்போர்ட்டையும் காட்டினோம். அந்த அண்ணா இப்போதெல்லாம் ஷிஃப்ட் ஏறினதும் முதல் வேலையாக எங்கள் ஒயர் கனெக்டரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மிஷினை ஓட்டுகிறாராம்!

அதனால் நண்பர்களே, அடுத்த தடவை டெர்மினலில் வார்னிங் வெள்ளமாக வந்தால், கமென்ட் போடும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த வரி வேறு எதற்கெல்லாம் குரல் கொடுக்கிறது என்று பாருங்க. குறைக்கலாம், எண்ணலாம், சுருக்கலாம். ஆனால் என்ன சொல்கிறது என்று புரியாமல் அதன் வாயை மட்டும் அடைத்துவிடாதீங்க.