கணினியின் கணக்கேடு



ஒரு கணினி மந்தமாக இயங்குகின்றது என்றவுடன், "அது பழசாகிவிட்டது, புதிதொன்று வாங்குங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிடுவோர் நம்மிடையே பலர். கூறுவது எளிது. எம்பிலிப்பிட்டிய போன்ற ஊர்களிலே ஒரு பாடசாலை புதிய கணினி வாங்குவதென்றால், பெற்றாரிடமும் பழைய மாணவரிடமும் கையேந்த வேண்டியிருக்கும். ஆதலின் தீர்ப்புக்கு முன்னர் சான்றைப் பார்த்தல் நன்று. அச்சான்றைக் கணினியே எழுதி வைத்திருக்கின்றது.

கணினியை நடத்தும் பணிசெயல் முறைமை ஓயாது கணக்கு வைக்கின்றது. செயலகம் எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, நினைவகத்தில் எவ்வளவு இடமுண்டு என்பனவெல்லாம் அக்கணக்கில் உள. லினக்ஸ் முறைமையில் இவை 'புரொக்' என்னும் அடைவிலே கோப்புகள்போலத் தோன்றும். உண்மையில் வட்டிலே அவ்வாறான கோப்பு எதுவுமில்லை. நாம் படிக்கும் கணத்திலேயே முறைமை அதனை ஆக்கித் தருகின்றது. விண்டோஸோ வேறு வழியில் தருகின்றது. இவ்வேற்றுமையை மறைத்து, ஒரே பெயரால் எங்கும் படிக்க உதவுவதே 'பி.எஸ்.யூட்டில்' என்னும் நிரலகம். இத்தாலியரான ஜியாம்பாவ்லோ ரொடோலா பைத்தன் மொழிக்கென 2009இல் வெளியிட்ட இதற்கு விலையில்லை. நம் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பைத்தனை அறிவராதலால், இஃது அவர்கட்குக் கைக்கெட்டாப் பொருளன்று.

எனினும் எண்ணைப் படிப்பது வேறு, பொருளை உணர்வது வேறு. உடவளவை நீர்த்தேக்கத்தின் அளவுகோலை ஒருமுறை பார்த்தால் நீர்மட்டம் தெரிந்துவிடும். வீட்டு மின்மானியை ஒருமுறை பார்த்து என்ன அறியலாம்? சென்ற மாதத்து எண்ணைக் கழித்தாலன்றோ செலவு தெரியும்! நினைவகக் கணக்கு முதல்வகை. செயலகக் கணக்கு இரண்டாம் வகை. லினக்ஸ் பெரும்பாலும் நூறில் ஒரு செக்கனை அலகாகக் கொண்டு எண்ணுகின்றது. ஒரே செயலகமுள்ள கணினியில் 5 செக்கன் இடைவெளியில் 500 அலகுகள் கூடும். அவற்றுள் 400 சும்மா இருந்த நேரமாயின், உழைப்பு 20 சதவீதமே. இதனாலேதான், இடைவெளி குறிப்பிடாது அந்நிரலகத்திடம் செயலக உழைப்பை முதன்முறை கேட்டால் அது பூச்சியம் என்கின்றது. ஒப்பிட முன்னைய எண் இல்லை, அவ்வளவே. அதைக் கண்டு செயலகம் உறங்குகின்றது என்று மகிழ்வாரும் உளர்!

நினைவகத்திலும் ஒரு பொறியுண்டு. 'வெறுமையானது' என்னும் எண் சிறிதாயிருப்பின் பலர் அஞ்சுவர். முறைமையானது சும்மா கிடக்கும் இடத்தில், வட்டிலிருந்து படித்தவற்றைச் சேமித்து வைக்கும்; தேவை வந்தால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்கவேண்டியது 'கிடைக்கக்கூடியது' என்னும் எண். அது தாராளமாயிருப்பின் நினைவகத்தைக் குறைகூற நியாயமில்லை. எந்த நிரல் செயலகத்தை விழுங்குகின்றது என்று தேடவேண்டும். அதனையும் இந்நிரலகம் நிரல்வாரியாகக் காட்டும்.

பாடசாலைக் கணினி அறையில் இதனைச் செய்து பார்க்க விரும்புவோர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவ்வெண்களை நேரத்துடன் ஒரு கோப்பில் எழுதும் சிறு நிரலொன்றை ஒரு வாரம் ஓடவிடலாம். வகுப்பு நடக்கும் வேளையையும் அறை பூட்டியிருக்கும் வேளையையும் ஒப்பிடுக. முதல் வரியிலுள்ள செயலக எண்ணை மட்டும் நீக்கிவிடுக.