வீட்டுக் கணிப்பொறியும் குடும்பத் தலைவரும்

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே அமைந்த படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. பரமத்தி வேலூர் வட்டாரத்தின் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இத்தகைய வாய்க்கால்களை நம்பியே தழைக்கின்றன. அங்கு விளையும் கரும்பு ஆலைக் கொட்டகைகளில் வெல்லமாகிப் பிலிக்கல்பாளையம் சந்தைக்குச் செல்கிறது. வாய்க்காலை வெட்டியவராகப் போற்றப்படும் அல்லாள இளைய நாயக்கரை அப்பகுதி உழவர்கள் இன்றும் நன்றியோடு நினைவு கூர்கின்றனர். வாய்க்கால் நீர் தலைமடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. மதகு திறக்கும் முறையும் கடைமடைக்கு நீர் சேரும் ஒழுங்கும் இருந்தால்தான் அது பாசனம். இல்லையேல் தலைமடை அழுகும், கடைமடை காயும்.

இன்று நம் இல்லங்களுக்குள்ளும் ஒரு வாய்க்கால் வந்திருக்கிறது. அறிவும் வணிகமும் வேடிக்கையும் வீண் பேச்சும் அதன் வழியே இரவு பகலாகப் பாய்கின்றன. கணிப்பொறி என்றும் செல்போன் என்றும் நாம் அழைக்கும் அந்த வாய்க்காலின் தலைமடையில் பெரும்பாலும் குடும்பத் தலைவரே அமர்ந்திருக்கிறார். அவர் அந்தக் கருவியில் பெருவிருப்பம் கொண்டவராகவும் இருந்துவிட்டால் அக்குடும்பத்திற்கு அது பேறாகுமா, பாரமாகுமா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அத்தாவின் மேசை

இத்தகைய தந்தையரை நாம் எல்லோரும் அறிவோம். புதிய கருவி எது சந்தைக்கு வந்தாலும் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்கு உறக்கம் வராது. பழுதான பெட்டியைப் பிரித்துச் சரிசெய்வதில் அவருக்குத் தனி இன்பம். மின்கட்டணம், இரயில் முன்பதிவு, பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம், வங்கிக் கணக்கு என அனைத்தையும் அவரே செய்து முடிப்பார். உறவினர் வீட்டுக் கணிப்பொறி நின்றுபோனாலும் முதல் அழைப்பு அவருக்கே வரும்.

இவையெல்லாம் நல்ல குணங்களே. எனினும் அந்த மேசையின் அருகே வேறொரு காட்சியும் உண்டு. “அத்தா வேலையா இருக்காங்க, தொந்தரவு பண்ணாதே” என்று தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறார். “அதைத் தொடாதே, கெட்டுவிடும்” என்பதே அந்தக் கருவியைப் பற்றி அப்பிள்ளை கேட்கும் முதற்பாடமாகிறது. மனைவிக்கோ கடவுச்சொல் தெரியாது. காப்பீட்டுப் பத்திரம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் தெரியாது. அவர் வெளியூர் சென்ற நாளில் மின்கட்டணம் செலுத்தக்கூட அவ்வீட்டாரால் இயலுவதில்லை. குடும்பத்திற்கென வாங்கிய கருவி ஒருவருடைய தனியுடைமையாகவே இருந்துவிடுகிறது.

எனவே கணிப்பொறியில் ஆர்வமுள்ள தந்தையை எடைபோட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. அவர் இல்லாத நாளில் அவ்வீட்டார் அந்தக் கருவியைத் தாமே கையாள முடிகிறதா? முடிகிறது என்றால் அவர் தம் வீட்டாருக்கு அறிவைக் கொடுத்திருக்கிறார். முடியவில்லை என்றால் அவர்களைத் தம்மைச் சார்ந்தே இருக்கும்படி செய்திருக்கிறார்.

அதிராம்பட்டினம் காட்டிய வழி

இதற்கு உயர்ந்த சான்று நம் சமுதாயத்திலேயே உண்டு. ஜேடர்பாளையத்தைக் கடந்து செல்லும் காவிரி தன் கிளைகளையெல்லாம் விரித்து முடிக்கும் தஞ்சை மாவட்டத்தின் கடலோரத்தில் அதிராம்பட்டினம் இருக்கிறது. அவ்வூரில் 1953-ஆம் ஆண்டு பிறந்தவர் மர்ஹூம் உமர்தம்பி. துபாயில் மின்னணுத் துறையில் பணியாற்றிப் பின் ஊர் திரும்பியவர். கணிப்பொறி நிரல் எழுதுவதைத் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்தவர்.

அவர் செய்த பணியின் அருமை இன்றைய இளைஞர்க்கு எளிதில் விளங்காது. இன்று எந்தச் செல்போனைத் திறந்தாலும் தமிழ் எழுத்துத் தானே தெரிகிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நிலைமை அவ்வாறில்லை. ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கெனத் தனி எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவைத் தம் கணிப்பொறியில் நிறுவாதவர்க்கு அந்த இதழ் புரியாத குறிகளின் குவியலாகவே தோன்றும். உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அன்று பல வீடுகளில் இருந்த விண்டோஸ் 98 போன்ற பழைய இயங்குதளங்களில் யூனிகோடு தமிழ் வெறும் கட்டங்களாகவே காட்சியளித்தது.

உமர்தம்பி ‘தேனீ’ என்னும் யூனிகோடு எழுத்துருவை உருவாக்கினார். அதனை இயங்கு எழுத்துருவாகவும் அமைத்தார். அதாவது, படிப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணையப் பக்கமே எழுத்துருவையும் தன்னோடு சுமந்து வந்து சேரும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியே பக்கத்தைத் திறந்தால் தமிழ் தெரியும். அந்நாளில் தமிழில் எழுதத் தொடங்கிய பலர் தம் பக்கங்களில் தேனீயைப் பயன்படுத்தினர். எழுத்துருக்களோடு தமிழில் தட்டச்சுச் செய்யும் கருவியையும், பழைய எழுத்துமுறையில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவியையும் அவர் அளித்தார். அனைத்தையும் விலையின்றியே வழங்கினார். மற்றவர்களும் கற்றுக்கொள்ளும் பொருட்டு விளக்கக் கட்டுரைகளும் எழுதினார்.

2006-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தம் 53-ஆம் வயதில் அவர் இறையடி சேர்ந்தார். ஆனால் அவருடைய எழுத்துருக்கள் நின்றுவிடவில்லை. எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் அவற்றை அவர் விட்டுச் சென்றிருந்தார். 2010 ஜூன் மாதம் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிய தமிழ் இணைய அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த மாநாட்டுக் காலத்திலேயே தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

தேனீ செய்த வேலை இன்று தேவைப்படுவதில்லை. காலம் அதைக் கடந்துவிட்டது. ஆனால் அவர் பின்பற்றிய நெறி பழையதாகவில்லை. தாம் கற்றதைப் பூட்டி வைக்காமல், தம்மை நாடாமலேயே பிறர் பயன்பெறும்படி அவர் செய்தார். உலகுக்கு அவர் செய்ததை ஒரு தந்தை தம் வீட்டிற்குச் செய்யக் கூடாதா?

முதற்பாடம் தமிழில்

பிள்ளைக்குக் கணிப்பொறியில் எதை முதலில் கற்பிப்பது என்று பல பெற்றோர் கேட்கின்றனர். விளையாட்டை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அது தானே வரும். முதலில் தமிழில் தட்டச்சுச் செய்யக் கற்பிக்கலாம்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றோர் பல ஆண்டுகள் உழைத்து இத்துறையை வளர்த்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு அறிவித்தது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளைக் கொண்டு தமிழின் 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். பள்ளியில் படித்த உயிர்மெய் இலக்கணமே இங்கு விரல்களின் வேலையாகிறது. ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து எழுதும் பழக்கம் பிள்ளைக்கு வருமுன் இதைக் கற்பித்துவிட்டால், தமிழைத் தமிழாகவே எண்ணி எழுதும் பழக்கம் வேரூன்றும்.

கற்பிக்கும் தந்தை பொறுமையைக் கைவிடலாகாது. மௌசைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கித் தாமே செய்து காட்டுவது கற்பித்தலாகாது. தவறு செய்யவிட்டு அருகிலிருந்து திருத்துவதே நல்லாசிரியர் வழி. இதே பொறுமை மனைவிக்கும் முதிய பெற்றோர்க்கும் உரியது. பேரனுக்கு மும்முறை சொல்லிக் கொடுப்பவர் தம் தாய்க்கு நான்காம் முறை சொல்லிக் கொடுக்கச் சலித்துக்கொள்வது முறையாகாது.

நேரத்திற்கும் ஒரு மதகு

கணிப்பொறியை எங்கே வைப்பது என்பது சிறிய கேள்விபோல் தோன்றும். உண்மையில் அதுவே குடும்ப ஒழுங்கின் பாதி. கதவடைத்த அறையில் வைக்காமல், எல்லோரும் நடமாடும் கூடத்தில் திரை தெரியும்படி வையுங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று தாய்க்குத் தெரியும். தந்தை எதைப் பார்க்கிறார் என்று பிள்ளைக்கும் தெரியும். இரண்டும் வேண்டுவனவே.

வீட்டார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கணக்கு அமைக்கும் வசதி எல்லாக் கணிப்பொறிகளிலும் உண்டு. தாயின் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கட்டும். தையல் மாதிரிகளைத் தேடவோ, வெளிநாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசவோ, குடும்ப வரவு செலவை எழுதவோ அவர் எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

வாய்க்காலில் முறை வைத்து நீர் விடுவதுபோல் நேரத்தையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். உணவு வேளையிலும் தொழுகை வேளையிலும் உறங்கச் செல்லும் முன்னும் திரை அணைந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அது முதலில் விதித்தவரையே கட்டுப்படுத்த வேண்டும். நள்ளிரவு வரை திரைமுன் அமர்ந்திருக்கும் தந்தையின் அறிவுரை பிள்ளையின் செவியில் ஏறாது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே செல்போனைப் பல பிள்ளைகள் பகிர்ந்து பாடம் படித்த வீடுகள் தமிழகத்தில் ஏராளம். முறை வைத்துப் பகிரும் பழக்கம் அன்று அவ்வீடுகளில் கட்டாயத்தால் வந்தது. வசதி வந்த பின்னும் அதைக் கைவிடாதிருப்பது நன்று.

செலவிலும் அளவு வேண்டும். புதியது வந்துவிட்டது என்பதற்காகக் கடன்பட்டு வாங்குவது அறிவுடைமையாகாது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, நல்ல நிலையிலிருந்த கணிப்பொறிகள் பலவும் பழையனவாகக் கருதப்பட்டன. அவற்றில் பலவற்றை லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களைக் கொண்டு மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். கருவியில் ஆர்வமுள்ள தந்தையின் திறமை இத்தகைய இடத்தில்தான் குடும்பத்திற்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பெட்டிக்குள் இருக்கும் அமானத்

முன்னாளில் வீட்டுப் பத்திரமும் நகைச் சீட்டும் இரும்புப் பெட்டியில் இருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டார் அறிவர். இன்று திருமணப் படங்கள், கல்விச் சான்றுகளின் நகல்கள், வங்கி விவரங்கள், கொடுக்கல் வாங்கல் கணக்குகள் எல்லாம் கணிப்பொறியில் இருக்கின்றன. அவை குடும்பத்தின் அமானத். அவற்றைக் காப்பது பொறுப்பிலிருப்பவரின் கடமை.

மூன்று செயல்களை இம்மாதமே செய்து முடியுங்கள். முதலாவதாக, முக்கியமான கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வேறிடத்தில், இயன்றால் நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டியில் இருக்கும் இரு நகல்கள் ஒரு நகலுக்கே சமம். இடியோ தீயோ திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். இரண்டாவதாக, மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் நில இணைப்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்; இடி மழை வருமுன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மூன்றாவதாக, கணக்குகளின் பட்டியலையும் அவற்றைத் திறக்கும் வழியையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அது இருக்கும் இடத்தை மனைவிக்கோ நம்பகமான வாரிசுக்கோ தெரிவியுங்கள்.

இந்த மூன்றாவதைப் பேசப் பலர் தயங்குகின்றனர். ஆனால் மரணம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெற வேண்டிய பணமும் கொடுக்க வேண்டிய கடனும் எவரும் திறக்க முடியாத பெட்டிக்குள் சிக்கிக்கொண்டால், அல்லற்படுவோர் வாரிசுகளும் கடன் கொடுத்தவர்களுமே. கடனைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிடும் மரபுடைய நாம் இதில் அசட்டையாக இருக்கலாகாது.

வாசலில் நிற்கும் வஞ்சகர்

கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியே வீட்டை நடத்தும் பெண்கள் நம்மிடையே மிகுதி. வங்கியிலிருந்து பேசுவதாகவும் காவல்துறையிலிருந்து பேசுவதாகவும் அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டத்தார் இத்தகைய வீடுகளையும் குறிவைக்கின்றனர். செல்போனுக்கு வரும் ஒருமுறை எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும், தொலைபேசி வழியே எவரையும் காவல்துறை கைது செய்வதில்லை என்பதையும் வீட்டிலுள்ள முதியோர் வரை அனைவர்க்கும் சொல்லி வையுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ஏமாந்தவரைக் கடிந்துகொள்ளாத வீட்டில்தான் இத்தகைய செய்தி உடனே வெளிவரும் என்பதையும் குடும்பத் தலைவர் உணர வேண்டும்.

கொங்கு நாட்டில் அத்தா என்றாலும் கடலோர ஊர்களில் வாப்பா என்றாலும் தந்தையின் பொறுப்பு ஒன்றே. கருவியை நேசிக்கும் தந்தை அதை வீட்டாருக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் அறிந்திருக்க வேண்டும். வரும் விடுமுறை நாளில் நீங்கள் சற்று விலகி அமர்ந்து, உங்கள் நாற்காலியில் மனைவியையோ மகளையோ அமரச் செய்து, அம்மாத மின்கட்டணத்தை அவர்களையே செலுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் ஆகலாம், ஆகட்டும். அந்த அரைமணி நேரம் உங்கள் குடும்பத்திற்கு நெடுநாள் பயன் தரும், இன்ஷா அல்லாஹ்.