சமவெளியில் சாக்லேட் பூக்கள்

சாக்லேட் பூ என்பது கேக், புட்டிங், ஐஸ்கிரீம் போன்ற இனிப்புகளின் மேல் அலங்காரமாக வைக்கப்படும், உண்ணத்தக்க பூ. உருக்கிய சாக்லேட்டை இதழ் வடிவில் உறையவைத்தோ, பிசைந்த சாக்லேட்டைக் கையால் வடித்தோ இதைச் செய்கிறார்கள். பெரிய கருவிகள் தேவையில்லை. கரண்டி, பட்டர் பேப்பர், சிறு பிரஷ், சமையலுக்கான வெப்பமானி ஆகியவை போதும். கவனமாகக் கையாள வேண்டியது வெப்பநிலை ஒன்றைத்தான். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் வீட்டுச் சாக்லேட் ஒரு தொழிலாகவே நடக்கிறது. மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள பரவையில் நிலைமை வேறு. சித்திரை, வைகாசியில் இந்தச் சமவெளியின் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அசல் சாக்லேட் அந்த வெப்பத்தில் கெட்டியாக நிற்காது. ஆனாலும் அதன் குணமறிந்து, பருவத்துக்கேற்ற வகையையும் முறையையும் தேர்ந்துகொண்டால் இங்குள்ள வீடுகளிலும் நல்ல பூக்களைச் செய்யலாம்.

உருகுவதும் உறைவதும்

சாக்லேட்டின் குணத்தைத் தீர்மானிப்பது கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ விதையிலுள்ள கொழுப்பு. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. காயை உடைத்து, விதைகளைச் சதையோடு நொதிக்கவிட்டு, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் கொக்கோ விழுது கிடைக்கும். அந்த விழுதைப் பிழியும்போது கொக்கோ வெண்ணெய் தனியாகவும் கொக்கோத் தூள் தனியாகவும் பிரிகின்றன.

கொக்கோ வெண்ணெயின் பெரும்பகுதி பாமிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் ஆகிய மூன்று கொழுப்பு அமிலங்களால் ஆனது. கலவை இவ்வளவு எளிமையாக இருப்பதால் அது ஒரு குறுகிய வெப்ப எல்லைக்குள் சட்டென்று உருகிவிடுகிறது. உறையும்போது மட்டும் ஆறு விதமான படிக வடிவங்களை எடுக்கக்கூடியது. இவற்றை வில்லி, லட்டன் என்ற ஆய்வாளர்கள் 1966இல் வகைப்படுத்தினர். முதல் நான்கு வடிவங்களும் ஏறத்தாழ 17 முதல் 28 டிகிரிக்குள் உருகிவிடுபவை, நிலையற்றவை. ஐந்தாம் வடிவம் 34 டிகிரியை ஒட்டி உருகும். சாக்லேட்டின் பளபளப்பும், ஒடிக்கும்போது எழும் ‘டக்’ என்ற ஓசையும் இந்த வடிவத்தால் வருபவை. நாள்பட்ட சாக்லேட்டில் மெல்லத் தோன்றும் ஆறாம் வடிவம் மேற்பரப்பில் சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கும். பூ செய்பவருக்கு வேண்டியது ஐந்தாம் வடிவம்.

அதை வரவழைக்கும் வேலையை டெம்பரிங் என்கிறார்கள். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 முதல் 50 டிகிரிவரை சூடாக்கி உருக்க வேண்டும். மீதியைத் துருவி, சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 28 டிகிரிக்கு இறக்கிப் பிறகு 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். துருவலில் இருக்கும் ஐந்தாம் வடிவப் படிகங்கள் விதைகளாக நின்று மற்ற கொழுப்பையும் தம் வடிவத்துக்கு இழுத்துக்கொள்ளும். பால் சாக்லேட்டுக்கும் வெள்ளைச் சாக்லேட்டுக்கும் இந்த அளவுகள் இரண்டு மூன்று டிகிரி குறைவு. கத்தி முனையில் தோய்த்தெடுத்த சாக்லேட் ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு இறுகினால் பதம் சரி. இந்தச் சோதனை 20 முதல் 22 டிகிரி இருக்கும் அறையில்தான் பொருந்தும். பரவையில் ஏசி இல்லாத வீட்டுக்கு அந்த வாய்ப்பு மார்கழி, தை விடியலில் மட்டுமே கிடைக்கும்.

மற்ற மாதங்களுக்குக் கைகொடுப்பது காம்பவுண்ட் எனப்படும் மாற்று வகை. இதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் எண்ணெய்ப்பனை விதையின் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைப் பக்குவப்படுத்திச் சேர்க்கிறார்கள். இதற்கு டெம்பரிங் தேவையில்லை. உருக்கி ஊற்றினாலே இறுகிவிடும். வாயில் கரையும் இதம் அசல் சாக்லேட்டைவிடக் குறைவு. கேக் பொருள் கடைகளில் கட்டிகளாகக் கிடைக்கும் இதில் டார்க், பால், வெள்ளை என மூன்று வகையும் உண்டு.

இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி தண்ணீர். உருகிய சாக்லேட்டில் ஓரிரு துளி நீர் விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஈரத்தை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுவதும் திரிந்து மண்போல ஆகிவிடும். ஆகவே டபுள் பாய்லர் முறையில் உருக்கும்போது கீழ்ப் பாத்திரத்து நீர் கொதிக்கக் கூடாது. மேல் பாத்திரத்தைத் தொடவும் கூடாது. வண்ணம் சேர்ப்பதற்கும் எண்ணெயில் கரையும் நிறங்களே ஏற்றவை.

பிசைந்து செய்யும் பூக்கள்

தொடக்க நிலையினருக்கு எளிது பிசைந்த சாக்லேட். 200 கிராம் டார்க் காம்பவுண்டை உருக்கி, வெதுவெதுப்பான 100 கிராம் லிக்விட் குளுக்கோஸைச் சேர்க்க வேண்டும். வெள்ளைக் காம்பவுண்டுக்கு 50 முதல் 60 கிராம் போதும். கலவை பாத்திரத்தை விட்டுத் திரண்டு வந்ததும் கிளறுவதை நிறுத்திவிட வேண்டும். மேலும் கிளறினால் எண்ணெய் பிரியும். பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்தால் எந்த வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கும். கைச்சூட்டில் இளகினால் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தெடுக்கலாம். சிறிது சோள மாவைத் தொட்டுக்கொண்டால் கையில் ஒட்டாது.

ரோஜாவுக்கு முதலில் கூம்பு வடிவில் ஒரு நடுத்தண்டு பிடிக்க வேண்டும். பிறகு சுண்டைக்காய் அளவு உருண்டைகளை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, கட்டைவிரலால் அழுத்தி இதழாக்க வேண்டும். அடிப்பகுதி தடிமனாக இருக்க, மேல் விளிம்பு மட்டும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிய வேண்டும். பூவுக்கு உயிரோட்டம் தருவது இந்த விளிம்புதான். முதல் இதழ் கூம்பை முழுவதும் மூடும். அடுத்த சுற்றில் மூன்றும் அதற்கடுத்த சுற்றில் ஐந்தும், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி வரும். வெளி இதழ்களின் ஓரத்தை விரலால் பின்னோக்கிச் சுருட்டிவிட்டு அடியில் எஞ்சியதை வெட்டியெடுத்தால் ரோஜா முடிந்தது.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் நீண்ட காம்பும் அதன் அடையாளங்கள். வெள்ளைச் சாக்லேட்டில் அதன் மொட்டைச் செய்யச் சிறு உருண்டையை ஒரு பக்கம் நீட்டி உருட்டிக் காம்பாக்க வேண்டும். உருண்ட முனையில் பல்குத்தும் குச்சியால் மேலிருந்து கீழாகச் சாய்வாக இரண்டு மூன்று கோடுகள் போட்டால், ஒன்றையொன்று தழுவிச் சுருண்ட இதழ்கள் தெரியும். காம்பின் அடியில் பச்சை நிறச் சாக்லேட்டால் புல்லி வட்டம் ஒட்டலாம்.

உருக்கி வார்க்கும் இதழ்களும் இலைகளும்

தாமரைக்குக் கரண்டியே அச்சு. தேக்கரண்டியின் பின்புறத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுருக்கமின்றிச் சுற்றி, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் தோய்த்து, வழிவதை வடித்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இறுகியதும் தாளோடு கழற்றித் தாளை மட்டும் உரித்தால் குழிந்த இதழ் கிடைக்கும். சிறு கிண்ணத்தின் நடுவில் ஒரு துளி சாக்லேட்டை விட்டு, வெளிவட்டத்தில் பெரிய இதழ்களையும் உள்வட்டத்தில் சிறிய இதழ்களையும் பதித்துக்கொண்டே வர வேண்டும்.

இலைக்கு உண்மையான இலையே அச்சாகும். பரவைக்கு அருகிலுள்ள சோழவந்தானின் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கொழுந்து இலையின் பின்பக்கத்தில் நரம்புகள் எடுப்பாக இருப்பதால் அது இந்த வேலைக்குப் பொருந்தும். இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பின்பக்கம் சாக்லேட்டைப் பிரஷால் பூச வேண்டும். ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் போகக் கூடாது. இறுகியபின் காம்பைப் பிடித்து இலையை உரித்தால் ஒவ்வொரு நரம்பும் சாக்லேட்டில் பதிந்திருக்கும். ரோஜா இலையும் புதினாவும்கூட ஏற்றவை. மருந்து தெளித்த இலைகளைத் தவிர்க்க வேண்டும். அரளி இலை கொடிய நஞ்சு. அதை எந்த நிலையிலும் பயன்படுத்தவே கூடாது.

பாதுகாப்பும் பரிமாறலும்

பூக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பூவின் மேல் துளிகளாகப் படியும். அது மேற்பரப்புச் சர்க்கரையைக் கரைத்து, உலர்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கும். டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அறையே சாக்லேட் உருகும் அளவுக்குச் சூடாக இருக்கும் பகலில் அது நடக்காது. விடியலிலோ ஏசி அறையிலோ திறப்பது நல்லது. ஜிகர்தண்டாவின் மேலுள்ள ஐஸ்கிரீம் போன்ற குளிர்ந்த பரப்பிலும் ஈரம் படியும் என்பதால், பூவைப் பரிமாறும் நேரத்தில்தான் வைக்க வேண்டும். கோடையில் கேக்கின் மேல் வெயில் படாத இடத்தில் பிசைந்த சாக்லேட் பூ, மெல்லிய வார்ப்பு இதழைவிட நெடுநேரம் வடிவம் குலையாமல் நிற்கும். உடைந்த வார்ப்பு இதழ்களை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். வெட்டியெடுத்த பிசைந்த துண்டுகளை மீண்டும் பிசைந்து அடுத்த பூவுக்குப் பயன்படுத்தலாம்.