பெய்ஜிங்கில் பழையது எது?

பெய்ஜிங்கைச் சுற்றிப் பார்க்க ஏற்ற வழி, நகரத்தின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே போவதுதான். தெற்கே யோங்டிங்மென் வாசலில் தொடங்கும் இந்த நேர்கோடு, வடக்கே முரசுக் கோபுரத்தையும் மணிக் கோபுரத்தையும் தொட்டு 7.8 கிலோமீட்டரில் முடிகிறது. அரண்மனை, வழிபாட்டு மண்டபங்கள், சதுக்கம், கடைவீதி எல்லாம் இதன் மீதோ இதன் இரு பக்கங்களிலோதான் வருகின்றன. 13ஆம் நூற்றாண்டில் குப்லாய் கான் இங்கே தலைநகர் அமைத்தபோது விழுந்த கோடு இது. பின்வந்த மிங் வம்சத்தார் அதைத் தெற்கே நீட்டினார்கள். 2024 ஜூலையில் புது டெல்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு இந்த நடுக்கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

இதில் பழையது எது என்று பார்க்க, கோட்டின் முதல் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளலாம். யோங்டிங்மென் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த நகர வாசல். 1957இல் அது இடிக்கப்பட்டது. இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அடுக்கு மாட வாசல், 2004இல் பழைய அளவுகளின்படி புதிதாகக் கட்டியது. தோற்றம் நானூறு ஆண்டுகளுக்கு முந்தையது. செங்கல்லுக்கு வயது இருபது சொச்சம்.

இந்த வாசலாவது திரும்பி வந்தது. உள் நகரத்தைச் சுற்றியிருந்த மதில் 1950களிலும் 60களிலும் பெரும்பாலும் மறைந்தது. அது நின்ற தடத்தில்தான் இன்று சுரங்க ரயிலின் இரண்டாம் எண் பாதை வட்டமாக ஓடுகிறது. அந்தப் பாதையின் 18 நிலையங்களில் 11 நிலையங்கள் ஏதோ ஒரு வாசலின் பெயரைத் தாங்கியவை. ரயிலை விட்டு மேலே ஏறி வந்தால், சியென்மென் தவிர வேறெங்கும் வாசல் இல்லை; மேம்பாலமும் கண்ணாடிக் கட்டடங்களும்தான் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் லியாங் ஸுசெங், மதிலின் மேற்பரப்பைச் செடிகளும் இருக்கைகளும் உள்ள பொதுப் பூங்காவாக்கலாம் என்று 1950லேயே யோசனை சொன்னார். அது நடந்திருந்தால் உலகில் வேறெந்தத் தலைநகரிலும் இல்லாத நடைபாதை ஒன்று பெய்ஜிங்குக்குக் கிடைத்திருக்கும். தென்கிழக்கு மூலையில் 15ஆம் நூற்றாண்டு மூலைக் கோபுரத்தோடு ஒட்டிக்கொண்டு சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மதில் மிஞ்சியிருக்கிறது. பயணத் திட்டங்களில் அதிகம் இடம்பெறாத இந்தத் துண்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வீண் போகாது.

யோங்டிங்மென்னுக்கு வடகிழக்கே சொர்க்கக் கோயில். நல்ல விளைச்சல் வேண்டிப் பேரரசர் வழிபட்ட, மூன்றடுக்கு நீலக் கூரையுள்ள வட்ட மண்டபம் 28 மரத்தூண்களின் மேல் 38 மீட்டர் உயரம் நிற்கிறது. கோயில் 1420இல் நிறுவப்பட்டது என்றாலும், இந்த மண்டபம் 1889இல் மின்னல் தாக்கி எரிந்து மறுபடி எழுந்தது. இங்கே காலையில் போவது நல்லது. வளாகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் முதியவர்கள் சீட்டாடுவார்கள், இறகுப் பந்தைக் காலால் தட்டி விளையாடுவார்கள், கூட்டமாகப் பாடுவார்கள். பேரரசர் ஆண்டுக்குச் சில முறை வந்து போன இடத்தை இவர்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

சியென்மென் கடைவீதிக்கு வந்ததும் வேறொரு கதை தொடங்குகிறது. நூற்றாண்டுகளாக வணிகர்களும் நாடகக் கொட்டகைகளும் நெருக்கியடித்த தெரு இது. 2008 ஒலிம்பிக்குக்கு முன் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டு, 1900களின் தொடக்கத்துத் தெரு எப்படி இருந்ததோ அதே சாயலில் முகப்புகள் கட்டப்பட்டன. நடுவே பழங்கால டிராம் வண்டியும் விடப்பட்டது. சாம்பல் செங்கல், செதுக்கிய மரம், விளக்குக் கம்பங்கள் எல்லாம் கச்சிதம். முகப்புக்குப் பின்னால் இருப்பவை, எந்த நாட்டு வணிக வளாகத்திலும் கிடைக்கும் கடைகள். சீன மரக் கட்டடங்கள் காலங்காலமாக எரிந்தும் திரும்ப எழுந்தும் வந்தவைதான், மறுகட்டுமானம் அந்த மரபின் பகுதிதான் என்பார்கள். கோயிலுக்கும் அரண்மனைக்கும் அது பொருந்தும். குடியிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு முகப்பை மட்டும் திருப்பிக் கட்டிய தெருவுக்குப் பொருந்தாது.

சியென்மென்னுக்கு வடக்கே தியானன்மென் சதுக்கம். 44 ஹெக்டேர் வெட்டவெளி. நுழைய முன்பதிவும் பாஸ்போர்ட்டும் தேவை, வரிசையில் பை சோதனையும் உண்டு. சதுக்கத்தின் வடகோடியில் சிவப்புச் சுவரோடு நிற்கும் தியானன்மென் வாசல்கூட 1969–70இல் முழுதாகப் பிரித்து அதே வடிவில் திரும்பக் கட்டியதுதான்.

அதைக் கடந்தால் அரண்மனை நகரம். 1406இல் தொடங்கி 1420இல் முடிந்த இந்த 72 ஹெக்டேர் வளாகத்தில் 24 பேரரசர்கள் இருந்து ஆண்டார்கள். 1925 அக்டோபரில் அருங்காட்சியகமானது. டிக்கெட்டை இணையத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்து முன்கூட்டியே வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருப்பதால், வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள் ஏமாந்து திரும்புவது சாதாரணம். விடுமுறைக் காலம் தவிர மற்ற திங்கள்கிழமைகளில் கதவு திறக்காது. தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறுவதுதான் வழக்கமான வழி.

பெரும்பாலோர் நடுவிலுள்ள மூன்று பெரிய மண்டபங்களைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்து, இரண்டு மணி நேரத்தில் வடக்கே வெளியேறிவிடுகிறார்கள். முதல் மண்டபம் பலமுறை தீயில் போனது. இப்போது நிற்பது 1690களில் எழுந்தது. தீயைப் பற்றி அரண்மனை எவ்வளவு அஞ்சியது என்பதை முற்றங்களில் நிற்கும் பெரிய உலோகத் தொட்டிகள் காட்டுகின்றன. எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் உறையாமலிருக்கக் கீழே நெருப்பு மூட்டுவார்கள். பொன் முலாம் பூசிய தொட்டிகளின் வயிற்றில் இன்றும் நீளநீளமான சுரண்டல்களைப் பார்க்கலாம். 1900இல் புகுந்த அந்நியப் படையினர் கத்தியால் பொன்னைச் சுரண்டிய தடம் என்று சொல்லப்படுகிறது. கிழக்குப் பகுதியிலுள்ள கடிகாரக் கூடமும், தனிக் கட்டணம் கேட்கும் பொக்கிஷக் கூடமும் ஓரளவு அமைதியானவை.

வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. அரண்மனை அகழியைத் தோண்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு அது. உச்சி மண்டபத்திலிருந்து தெற்கே பார்த்தால் பொன்னிற ஓடுகள் அலையலையாகத் தெரியும். நடுக்கோடு கண்முன் விரியும். 1644இல் மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் இங்கே ஒரு மரத்தில் தூக்கிட்டு இறந்தார். இப்போது அங்கே இருக்கும் மரம் பின்னாளில் நட்டது.

பெருஞ்சுவருக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். படாலிங் பகுதிக்கு அதிவேக ரயில் போகிறது, கூட்டமும் அங்கேதான். முதியான்யு சற்று நெரிசல் குறைந்தது. இரண்டுமே நன்றாகப் பழுதுபார்த்த பகுதிகள். பணத்துக்கு அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொண்டால் போதும். சுற்றுலாத் தலங்களுக்கு அருகே நல்ல ஆங்கிலம் பேசி நட்போடு தேநீர்க் கடைக்கு அழைக்கும் இளைஞர்களிடம் எச்சரிக்கை தேவை. கடைசியில் வரும் பில் தலை சுற்ற வைக்கும்.

நடுக்கோட்டுக்குத் திரும்பினால், ஜிங்ஷானுக்கு வடக்கே கூரைகள் தாழ்ந்து சந்துகள் தொடங்குகின்றன. ஹூடோங் எனப்படும் இவைதான் பழைய பெய்ஜிங்கின் உடல். குப்லாய் கானின் நகரத் திட்டத்திலேயே பிறந்தவை. பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுபவை. சந்தின் இருபுறமும் சிஹெயுவான் வீடுகள். தொட்டிக்கட்டு வீடு போல நாற்புறமும் கட்டி நடுவே முற்றம் விட்டவை. முதன்மைக் கட்டு தெற்கு நோக்கியிருக்கும். தெருவாசல் தென்கிழக்கு மூலையில் வரும். உள்ளே நுழைந்ததும் பார்வையைத் தடுக்க ஒரு மறைப்புச் சுவர். வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தால் வீட்டுக்காரரின் அந்தக் காலத்து அந்தஸ்து தெரியும். நிலையின் இருபுறமும் கல்லில் செதுக்கிய முரசு வடிவம் அல்லது பெட்டி வடிவம். நிலைக்கு மேலே துருத்தி நிற்கும் அறுகோண மரக் குமிழ்கள். குமிழ் நான்கு என்றால் பெரிய வீடு, இரண்டு என்றால் சிறியது. கல் முரசின் விளிம்பு, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து வழுவழுப்பாகியிருக்கும். உள்ளே மாதுளையோ சீமைப்பனிச்சையோ ஒரு மரம் நிற்கும். சில கூரைகளுக்கு மேல் புறாக்கள் வட்டமிடும்போது, வாலில் கட்டிய சின்ன ஊதுகுழல்கள் காற்றில் ஒலிக்கும்.

இந்தச் சந்துகள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அகலச் சாலைகளுக்காகவும் அடுக்குமாடிகளுக்காகவும் 1990களிலிருந்து பகுதி பகுதியாக இடிந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்கும் ஒரு தரப்பு உண்டு: ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள், வீட்டுக்குள் கழிப்பறை இல்லை, உறைபனியிலும் சந்துமுனைப் பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டும், மாடிக் குடியிருப்பு கிடைத்தபோது மகிழ்ந்து போனவர்கள் பலர். ஆனால் கழிப்பறை கட்டித் தருவதற்குச் சந்துகளையே கலைக்க வேண்டியதில்லை. 2017இல் ஒப்புதல் பெற்ற நகரப் பெருந்திட்டம் பழைய நகரை இனி இடிப்பதில்லை என்று முடிவு செய்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது. இப்போதைய ஆபத்து வேறு: சுவர் நிற்கிறது, ஆட்கள் போகிறார்கள். காலியாகும் வீடுகள் விடுதியாகவும் காபிக் கடையாகவும் மாறுகின்றன.

நான்லுவோகுசியாங் இதற்குக் கண்கூடான உதாரணம். சுமார் 800 மீட்டர் நீளத் தெரு. இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு ஹூடோங்குகள் கிளைக்கின்றன. தின்பண்டக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் தெருவை நிறைத்து, நடக்கவே இடமில்லாமல் போனதால் 2016இல் சுற்றுலாக் குழுக்களை அனுமதிப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் பக்கத்துச் சந்து எதிலாவது ஐம்பது அடி திரும்பினால் போதும்: மிதிவண்டிகள், காயப்போட்ட போர்வை, சதுரங்கப் பலகையைச் சுற்றி நான்கு பேர்.

நடுக்கோடு முடியுமிடத்தில் முரசுக் கோபுரமும், அதற்குப் பின்னே 18ஆம் நூற்றாண்டில் தீக்கு அஞ்சிக் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய மணிக் கோபுரமும் நிற்கின்றன. மணிக் கோபுரத்தின் வெண்கல மணி சுமார் 63 டன் எடை. 1924 வரை நகரத்துக்கு நேரம் சொன்னவை இவை. செங்குத்தான படிகளில் ஏறினால் சுற்றிலும் சாம்பல் ஓட்டுக் கூரைகள் தெரியும். எஞ்சிய சந்துகளின் பரப்பை ஒரே பார்வையில் அளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கோட்டை விட்டு மேற்கே விலகினால், ஃபூசெங்மென் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வெள்ளைத் தூபி இருக்கிறது. நேபாளத்திலிருந்து வந்த சிற்பி அரனிகோ, குப்லாய் கானுக்காக 1271இல் தொடங்கி 1279இல் முடித்தது. உயரம் சுமார் 51 மீட்டர். குப்லாயின் தலைநகரிலிருந்து முழு உருவத்தோடு நிற்கும் கட்டடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. சுற்றியுள்ள சந்துகளில் இன்னும் காய்கறிக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடமாடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் குறைவு. சந்துகளில் நடந்தே போவது முறை. திறந்த வாசல் எல்லாம் பார்வையாளருக்குத் திறந்ததல்ல என்பதால், அழைக்காமல் முற்றத்துக்குள் நுழைவதும் வீட்டாரைப் படமெடுப்பதும் கூடாது.