தண்ணீருக்கு மேலே மிதக்கும் நாணயம்

வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு நேர் மேலிருந்து பாருங்கள். கிடக்கும் ஆழத்தில் முக்கால் பங்கிலேயே அது தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் வரும் மயக்கம் இது. அந்த எண் −1.33 ஆக இருந்தால்? நாணயத்தின் பிம்பம் தண்ணீரை விட்டு வெளியேறி, காற்றில் மிதக்கும்.

சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசலாகோ 1967-இல் இதற்குக் கணக்குப் போட்டார். மின்புலத்துக்கு ஒரு பொருள் இசைவதை விடுதிறன் என்கிறோம்; காந்தப்புலத்துக்கு இசைவதை உட்புகுதிறன் என்கிறோம். இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஒளிவிலகல் எண் கிடைக்கும். இரண்டுமே எதிர்க்குறியானால் மூலத்தையும் எதிர்க்குறியாகவே எடுக்க வேண்டும் என்று அவர் காட்டினார். அப்பொருளுக்குள் ஆற்றல் முன்னே போகும்; அலைமுகடுகளோ ஒளி வந்த பக்கம் நோக்கிப் பின்னால் நகரும்.

அப்படிப்பட்ட பொருள்தான் எங்கும் அகப்படவில்லை. வெள்ளியின் விடுதிறன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதிர்க்குறிதான். ஆனால் ஒளியின் காந்தப்புலம் துடிக்கும் வேகத்துக்கு இயற்கைப் பொருள் எதுவும் ஈடுகொடுப்பதில்லை. முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு காகிதத்திலேயே கிடந்தது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பெண்ட்ரி 1990களின் இறுதியில் சொன்ன வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பொருளைத் தேட வேண்டாம், வடிவத்தைச் செய்யுங்கள் என்றார் அவர். ஒரு செம்பு வளையத்தில் சிறு வெட்டு விடுங்கள். வளையம் கம்பிச்சுருளாகவும், வெட்டு மின்தேக்கியாகவும் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து தமக்கென ஒரு தாளத்தில் அதிரும். ஊஞ்சலை அதன் தாளத்தைவிடச் சற்று வேகமாக ஆட்டிப் பாருங்கள். கை முன்னே போகையில் பலகை பின்னே வரும். காந்தப்புலத்துக்கு அந்த வளையம் தரும் பதிலும் அப்படித்தான் தலைகீழாகிறது. செம்பு காந்தப் பொருளே அல்ல! வளையங்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருந்தால் போதும். தொலைவிலிருந்து பார்க்கையில் பாயின் கோரைகள் தனித்தனியே தெரியாததுபோல, அலைக்கு அவை எல்லாம் ஒரே பொருளாகிவிடும்.

2001-இல் சான் டியேகோவில் டேவிட் ஸ்மித்தும் சகாக்களும் கண்ணாடியிழைச் சுற்றுப்பலகைகளில் செம்பு வளையங்களையும் கம்பிகளையும் பதித்து ஒரு முப்பட்டகம் செய்தார்கள். மூன்று சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலை அதில் தவறான பக்கம் திரும்பியது. விலகல் எண் −2.7.

ஒளிக்கு என்றால்? அதன் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வளையத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால் போதாதா என்று தோன்றும். போதாது. அவ்வளவு வேகத் துடிப்பில் எலக்ட்ரான்களின் சொந்த நிறையே முட்டுக்கட்டையாகிறது; அளவை எவ்வளவு குறைத்தாலும் வளையத்தின் தாளம் ஓர் எல்லைக்கு மேல் ஏற மறுக்கிறது.

அதனால் வடிவமே மாறியது. இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். நடுவே மின்கடத்தாப் படலம். மூன்றையும் ஊடுருவி வரிசையாகத் துளைகள். மீன்வலை என்றே இதைச் சொல்கிறார்கள். மேல் தகட்டில் மின்னோட்டம் ஒரு பக்கம் ஓட, கீழ்த் தகட்டில் மறுபக்கம் ஓடும். இரண்டும் சேர்ந்தால் வளையம் இல்லாமலே வளையத்தின் வேலை நடக்கும். 2008-இல் பெர்க்லியில் சியாங் ஜாங் குழுவினர் 30 நானோமீட்டர் வெள்ளியையும் 50 நானோமீட்டர் மெக்னீசியம் புளோரைடையும் மாறி மாறி 21 அடுக்குகளாகப் படியவைத்து, அயனிக் கற்றையால் செதுக்கி முப்பட்டகமாக்கினார்கள். 1200 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி அதில் வழக்கம்போலவே விலகியது. 1775 நானோமீட்டருக்குப் போனதும் எண் −1.23, கற்றை எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

கண் காணும் ஒளிக்கு இதைத் தடிமனான கட்டியாக வார்ப்பதுதான் கடினம். உலோகம் ஒளியை விழுங்கிவிடுகிறது. எந்த அதிர்வு பதிலைத் தலைகீழாக்குகிறதோ, அதே அதிர்வுதான் ஒளியின் ஆற்றலையும் வெப்பமாகக் கரைக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள உலோகம் இடம் தருவதில்லை.