தாம்ப்சன் வயல்கள்: புல்வெளியை வாசிக்கும் ஜாஸ் குழு

‘தி தாம்ப்சன் ஃபீல்ட்ஸ்’ 2015இல் வெளிவந்த ஜாஸ் இசைத்தொகுப்பு. இதற்கு இசையமைத்துக் குழுவை நடத்தியவர் மரியா ஷ்னைடர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தென்மேற்குப் பகுதியிலுள்ள விண்டம் என்னும் சிற்றூரில் 1960இல் பிறந்தவர். தொகுப்பில் எட்டு உருப்படிகள். கேட்டு முடிக்க ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சோயா வயல், வண்ணத்துப்பூச்சி, இடிமேகம், பறவையின் நடனம் என்று பெரும்பாலான உருப்படிகளுக்கு இயற்கையே பொருள். யாரும் பாடுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கருவிகளே சொல்கின்றன.

பிக் பேண்ட் என்பது 1920களிலும் 1930களிலும் அமெரிக்க நடன அரங்குகளில் வளர்ந்த பெரிய ஜாஸ் குழு. சாக்ஸபோன் வரிசை, டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, இவற்றுக்கு அடித்தளமாகப் பியானோ, பாஸ், டிரம்ஸ் என ஏறத்தாழ பதினெட்டுப் பேர் சேர்ந்து வாசிப்பார்கள். பெரும்பகுதி முன்பே எழுதப்பட்டிருக்கும். இடையிடையே ஒருவர் எழுந்து மனோதர்மமாகத் தனி வாசிப்பு வாசிப்பார். மக்களை ஆடவைக்கப் பிறந்த இந்த அமைப்பைக் கொண்டு நிலத்தையும் பறவையையும் தீட்ட முடியும் என்பதை முதலில் காட்டியவர்களில் டியூக் எலிங்டன் முக்கியமானவர். அவருடைய குழு 1963இல் மத்திய கிழக்கிலும் தெற்காசியாவிலும் பயணம் செய்தபோது டெல்லியில் கேட்ட ஒரு பறவையின் குரல், பின்னர் ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ தொகுப்பில் கிளாரினெட்டின் குரலாக மாறியது.

ஷ்னைடருக்கு இந்த மரபு கில் எவன்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற தொகுப்புகளுக்குக் குழு இசையை வடிவமைத்த எவன்ஸிடம் 1980களின் நடுவில் அவர் உதவியாளராகப் பணியாற்றினார். இசையமைப்பாளர் பாப் புரூக்மையரிடமும் பயின்றார். எவன்ஸிடம் கற்கக் கூடியவற்றில் பெரியது வண்ணக் கலவை. புல்லாங்குழலையும் அடைப்பான் செருகிய டிரம்பெட்டையும் டிராம்போனையும் ஒரே வரியில் கோத்தால், எந்தக் கருவி ஒலிக்கிறது என்று பிரித்தறிய முடியாத புதிய நாதம் கிடைக்கும். ஷ்னைடர் அக்கார்டியனையும் சேர்த்துக்கொண்டார். ஊதுகருவிகள் மூச்சு வாங்கும் இடைவெளிகளை அதன் தொடர் நாதம் நிரப்பிவிடுவதால், முழுக் குழுவும் ஒரே நீண்ட மூச்சில் வாசிப்பதுபோல் தோன்றும். 1993 முதல் ஐந்தாண்டுகள் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் ‘விசியோனஸ்’ என்ற விடுதியில் திங்கள்தோறும் வாசித்துத் தேறியது இந்தக் குழு. வாசிப்பவர்களில் பலர் பல ஆண்டுகளாக மாறாமல் உடன் இருப்பவர்கள். யார் தனி வாசிப்பு வாசிக்கப்போகிறார் என்பதை மனத்தில் வைத்தே அவர் எழுதுகிறார் என்பது கேட்கும்போதே தெரியும்.

இனி ஷ்னைடர் பிறந்த அந்த நிலம். ஆளுயரத்துக்கும் மேல் புல் வளர்ந்த பெருவெளி ஒருகாலத்தில் மினசோட்டாவில் மட்டும் 1.8 கோடி ஏக்கர் பரந்திருந்தது. அந்தப் புற்களின் வேர்கள் பத்தடிக்கும் கீழே இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி, கரிய வளமான மண்ணை உண்டாக்கின. 1837இல் ஜான் டியர் உருவாக்கிய எஃகுக் கலப்பை அந்த ஒட்டும் மண்ணைக் கிழித்துச் செல்ல வல்லதாக இருந்தது. அடுத்த சில தலைமுறைகளில் புல்வெளி மக்காச்சோள வயலாகவும் பின்னர் சோயா வயலாகவும் மாறியது. இன்று பழைய புல்வெளியில் எஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே இந்தத் தொகுப்பு கொண்டாடுவது கைபடாத காட்டை அன்று. மனிதர் உழுது விதைத்து வாழும், பெருமளவு இழந்தும் அழகு குன்றாத ஒரு நாட்டுப்புறத்தை. இசையில் மகிழ்ச்சியோடு ஓர் ஏக்கமும் இழைந்தே வருவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தலைப்பு உருப்படி பிறந்த இடம், விண்டமுக்கு அருகே குடும்ப நண்பர்களான தாம்ப்சன் குடும்பத்தாரின் பண்ணை. அங்குள்ள தானியக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்றால், காற்றில் சோயா வயல்கள் அலையலையாக நிறம் மாறுவது அடிவானம்வரை தெரியும். அந்தக் காட்சியை ஷ்னைடர் ஃபிராங்க் கிம்பரோவின் பியானோவிடமும் லாகே லுண்டின் கிட்டாரிடமும் ஒப்படைத்திருக்கிறார். மெட்டு எளிமையானது; ஒரு நாட்டுப்புறத் தேவாலயத்தில் பாடத்தக்கது. அதன் அடியில் ஸ்வரக் கூட்டுகள் மெல்ல நகர்ந்து ஒன்றின்மேல் ஒன்று படியும்போது, நிலையாக நிற்கும் ஒன்று அசைவதுபோன்ற உணர்வு எழுகிறது. வயலில் ஓடும் காற்றும் இதைத்தான் செய்கிறது. செடி இடம் பெயர்வதில்லை, ஒளிதான் பெயர்கிறது. தொகுப்பின் ஆகச் சிறந்த பகுதி இதுவே. கிம்பரோ 2020 இறுதியில் காலமானபின் இதைக் கேட்பவர்களுக்கு அந்தப் பியானோவின் அடக்கம் இன்னும் கூடுதலாக உறைக்கும்.

‘தி மோனார்க் அண்ட் தி மில்க்வீட்’ என்ற உருப்படிக்குப் பின்னால் ஓர் உயிரியல் கதை இருக்கிறது. மோனார்க் வண்ணத்துப்பூச்சி மில்க்வீட் செடிகளில் மட்டுமே முட்டையிடும். புழு அந்த இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. இலையின் பாலிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. மில்க்வீட் நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி மோனார்க்கின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். மில்க்வீட் பூவின் மகரந்தம் தூளாக இருப்பதில்லை. சிறு பைகளாகப் பிணைந்து, தேன் தேடி வரும் பூச்சியின் கால் ஒரு நுண்ணிய பிளவில் வழுக்கி மாட்டும்போது அதில் தொற்றிக்கொண்டு வெளியே வருகிறது. காலை விடுவிக்கும் வலுவில்லாத பூச்சி அங்கேயே மடிவதும் உண்டு. இவ்வளவு நுட்பமான உறவு, களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள் பரவியபின் குலைந்தது. வயலோரங்களில் மில்க்வீட் அருகியது. இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளை அடையும் மோனார்க் கூட்டங்களும் சுருங்கின.

இந்த உருப்படியில் மார்ஷல் கில்க்ஸின் டிராம்போனும் கிரெக் கிஸ்பர்ட்டின் ஃப்ளூகல்ஹார்னும் தனி வாசிக்கின்றன. இரண்டும் பித்தளைக் கருவிகள், இரண்டுக்கும் மென்மையான குரல். ஒன்று கீழ்ஸ்தாயி, மற்றது அதற்கு மேல். பூவும் பூச்சியும் ஒன்றையொன்று செதுக்கிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

‘ஆர்பிட்டர்ஸ் ஆஃப் எவல்யூஷன்’ நியூகினித் தீவின் சொர்க்கப் பறவைகளைப் பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில் பல ஆண்பறவைகள் இறகு விரித்து, வடிவம் மாறி, மணிக்கணக்கில் ஆடுகின்றன. யாரைச் சேர்வது என்று முடிவெடுப்பவள் பெண்பறவை. தலைமுறை தலைமுறையாக அவளுடைய தேர்வே அந்த இறகுகளின் அழகைக் கூட்டிவந்தது. தலைப்பிலுள்ள நடுவர்கள் பெண்பறவைகளே. டானி மெக்காஸ்லின் டெனர் சாக்ஸபோனிலும் ஸ்காட் ராபின்சன் பாரிடோன் சாக்ஸபோனிலும் போட்டி போடும் இரு ஆண்பறவைகளாக மாறிவிடுகிறார்கள். இதே மெக்காஸ்லினைத்தான் ஷ்னைடர் ராக் பாடகர் டேவிட் போவிக்கு அடையாளம் காட்டினார். போவியின் கடைசித் தொகுப்பான ‘பிளாக்ஸ்டாரில்’ ஒலிப்பது மெக்காஸ்லினின் சாக்ஸபோனே.

‘நிம்பஸ்’ புல்வெளியின் புயலைச் சொல்வது. மலையோ மரக்கூட்டமோ மறைக்காத சமவெளியில் புயல்மேகம் வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். சுழற்காற்று வருமா வராதா என்ற அச்சம் மழைக்கு முன்பே வந்து நிற்கும். குழு இருண்ட கீழ்ஸ்தாயியில் திரண்டுகொண்டே போக, ஸ்டீவ் வில்சனின் ஆல்டோ சாக்ஸபோன் அதன்மீது தனியே துடிக்கிறது. ஷ்னைடரின் இசை இனிமையானது, அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதை.

மீதி உருப்படிகளில் இரண்டு மனிதர்களை நினைவுகூர்கின்றன. ‘எ பாட்டர்ஸ் ஸாங்’ 2013இல் மறைந்த குழுவின் டிரம்பெட் கலைஞர் லாரி ஃப்ரிங்குக்கானது. அவர் மட்பாண்டம் வனைபவரும்கூட. கேரி வெர்சாசியின் அக்கார்டியன் அவருக்காகத் தனித்து ஒலிக்கிறது. ‘லெம்ப்ரான்சா’ பிரேசிலின் கிளாரினெட் கலைஞர் பவுலோ மோராவை நினைத்து எழுதப்பட்டது.

தொகுப்பு ‘ஆர்ட்டிஸ்ட்ஷேர்’ என்ற இணையத்தளம் வழியாக வெளியானது. ஒலிப்பதிவுச் செலவைக் கேட்பவர்களே முன்கூட்டித் தருவதும், வேலை நடப்பதை அவர்கள் பார்த்துவருவதும் அதன் முறை. கடைகளுக்கே வராமல் இவ்வாறு இணையத்தில் மட்டும் விற்ற ஷ்னைடரின் ‘கான்செர்ட் இன் தி கார்டன்’ 2005இல் கிராமி பெற்று வரலாறு படைத்தது. ‘தாம்ப்சன் ஃபீல்ட்ஸ்’ குறுந்தகடு, நிலத்தின் புகைப்படங்களும் பறவை ஓவியங்களும் நீண்ட குறிப்புகளும் அடங்கிய அழகிய நூலோடு வந்தது. அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே கேட்பதுதான் முறையான கேட்பு. 2016இல் பெரிய ஜாஸ் குழுக்களுக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

இயற்கை ஷ்னைடரின் பின்னைய இசையிலும் தொடர்ந்தது. 2020இல் அவர் வெளியிட்ட ‘டேட்டா லார்ட்ஸ்’ இரண்டு தட்டுகள் கொண்டது. முதல் தட்டு தகவல் நிறுவனங்களின் ஆதிக்கத்தைப் பற்றிய கடுமையான இசை. இரண்டாவது ‘அவர் நேச்சுரல் வேர்ல்ட்’. அதில் ஜப்பானியக் கோயில் தோட்டம் ஒன்றும், ஒரு நீலப்பறவையும், இளங்கதிர் ஒளியும் வருகின்றன. 2021இல் அந்தத் தொகுப்பு இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுவரை சென்றது.