பெரிய சாமி, சின்ன சாமி



பங்குத்தந்தையைப் பெரிய சாமி என்றும், உதவிப் பங்குத்தந்தையைச் சின்ன சாமி என்றும் நாம் உரிமையோடு அழைக்கிறோம். இளையோர் பணி பெரும்பாலும் சின்ன சாமியின் தோளில்தான் விழுகிறது. அவர் புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பார்; பெரிய சாமி தயங்குவார். இருவருக்கும் மனத்தாங்கல் வந்தால், நடுவில் வாடிப்போவது நம் பிள்ளைகளே.

சாமுவேல் முதல் நூலின் 3ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சீலோவில் ஏலி முதிர்ந்த குரு, கண்பார்வை மங்கியவர். சாமுவேல் அவரிடம் பணி செய்யும் சிறுவன். இரவில் ஆண்டவரின் குரல் சாமுவேலுக்குக் கேட்கிறது; ஆனால் அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏலிக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் அழைப்பவர் ஆண்டவர் என்று கண்டுகொண்டவர் அவரே. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு இறைவார்த்தை எட்டியிருக்காது.

வந்த செய்தியோ ஏலியின் வீட்டாருக்கு எதிரான தீர்ப்பு. சொல்ல அஞ்சிய சாமுவேலிடம், எதையும் மறைக்க வேண்டாம் என்று ஏலியே கேட்கிறார். கேட்டபின் அதை ஆண்டவரின் திருவுளமாக ஏற்கிறார். கசப்பான உண்மையைச் சொல்லவும் கேட்கவும் அவர்களிடையே இடம் இருந்தது.

1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பும் இத்தகைய உறவையே எதிர்பார்க்கிறது. உதவிப் பங்குத்தந்தை, பங்குத்தந்தையின் உடன் உழைப்பாளர். அவரோடு கலந்து பேசி, அவருடைய அதிகாரத்தின்கீழ் பணியாற்றுபவர் (எண் 545). தாம் திட்டமிடுவதையும் தொடங்கியதையும் அவருக்கு ஒழுங்காகத் தெரிவிக்க வேண்டியவர் (எண் 548). பங்கு இல்லத்தில் இருவரிடையே ஏதேனும் ஒரு வகையில் கூட்டு வாழ்வு வளர மறைமாவட்டத் தலைமை வழிசெய்ய வேண்டும் (எண் 550).

இது வெறும் விதி அன்று. சின்ன சாமி மாற்றலாகிப் போனதும் இளையோர் இயக்கம் கலைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். அவர் ஒருவரே அறிந்திருந்த பணி அவரோடே போய்விடுகிறது. பெரிய சாமியும் அறிந்து, தமதாக்கிக்கொண்ட பணியோ நிலைத்து நிற்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கொரிந்து நகரில் சிலர் பவுலின் பக்கமும், சிலர் அப்பொல்லோவின் பக்கமும் பிரிந்து நின்றனர். தாம் நட்டதற்கும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதற்கும் விளைச்சல் தந்தவர் கடவுளே என்று பவுல் அவர்களுக்கு உணர்த்தினார் (1 கொரி 3). "பெரிய சாமி எதற்கும் விடமாட்டார்" என்று இங்கேயும், "சின்ன சாமி உங்களைக் கேட்பதே இல்லை" என்று அங்கேயும் சொல்லித் திரியும் நாவு, கடவுள் விளைவிக்கும் பயிரை மிதிக்கிறது.

அன்பர்களே, குறை ஒன்று இருந்தால் உரியவரிடமே நேரில், பணிவோடு சொல்வோம். இன்றைய குடும்பச் செபத்தில் நம் குருக்கள் இருவரையும் ஒரே மன்றாட்டில் சேர்த்து நினைப்போம். ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.